மிதவைக்கு வைத்த சோதனை

“இருநூற்றுப் பன்னிரண்டு சோதனை, டீச்சர். ஒண்ணுகூட விழல்ல. இன்னும் என்னதான் வேணும் உங்களுக்கு?”

ஹமீதா மடிக்கணினித் திரையைப் பார்த்தார். பச்சை எழுத்தில் வரிசையாக ‘சரி’, ‘சரி’, ‘சரி’.

“இன்னொரு தடவை,” என்றார்.

தார்சியுஸ் இன்னொரு தடவை ஓட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டும் சரி.

“இன்னொரு தடவை.”

ஓட்டினார். சரி.

“அண்ணே, நான் ‘இன்னொரு தடவை’ன்னுதான் சொன்னேன். ‘மறுபடியும் முதல்ல இருந்து’ன்னு சொல்லல்ல.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

ஹமீதா டம்ளரை அவர் பக்கம் தள்ளினார். சுக்குக் காப்பி ஆறிப்போகுது, குடிங்க என்றார். தார்சியுஸ் குடித்தார். பிறகு மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு கோட்டாறில் ஹமீதா வீட்டு மாடிப்படி இறங்கி பஸ் பிடித்தார்.

*

தார்சியுஸுக்கு நாற்பத்தொன்பது வயது. ஹமீதாவுக்கு முப்பத்தொன்று.

இருபத்தோரு வருடம் சென்னையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பெர்ல் என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதியவர் தார்சியுஸ். அலுவலகம் ஆட்களைக் குறைத்தபோது குளச்சலுக்கு மேற்கே மனைவியின் ஊருக்கு வந்து சேர்ந்தார். ஹமீதா வீட்டில் இருந்தபடியே கம்பெனிகளுக்கு மென்பொருள் சோதித்துக் கொடுப்பவர். பெர்ல் எழுதுகிறவர்களின் இணையக் குழு ஒன்றில், யாரோ பெருமையாகப் போட்ட புரோகிராமை அவர் பத்து நிமிடத்தில் சாய்த்ததைத் தார்சியுஸ் பார்த்தார். அன்றைக்கே எழுதினார்:

“உங்ககிட்ட படிக்கணும்.”

“எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாது. உடைக்கத்தான் தெரியும்.”

“அதுதான் வேணும்.”

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது.

*

கடற்கரையில் மீனவர் சங்கத்துக்கு ஒரு சின்ன ஆபீஸ். கடலுக்குப் போகிற படகும் திரும்புகிற படகும் அங்கே சீட்டுப் போட வேண்டும். படகின் பெயர், எத்தனை பேர், புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம். போகும்போது திரும்பிய நேரத்துக்கான கட்டம் காலியாக இருக்கும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் படகு கடலில் இருக்கிறது என்று அர்த்தம்.

சீட்டு எழுதுகிறவர் சிலுவைதாசன். அறுபது வயது.

போன வருடம் ஒரு படகின் சீட்டில் தப்பு வந்துவிட்டது. படகு கடலில் இருந்தது. சீட்டு, கரைக்கு வந்துவிட்டதாகச் சொன்னது. கேட்க வந்த பெண்களிடம் சிலுவைதாசன், “வந்தாச்சும்மா, ஏலக்கூடத்துல பாருங்க,” என்று சொல்லி அனுப்பினார். ஒன்றரை நாள் யாரும் தேடிப் போகவில்லை. இன்ஜின் நின்று மிதந்துகொண்டிருந்த படகை வேறு ஊர்க்காரர்கள் கண்டு இழுத்து வந்தார்கள். ஐந்து பேரும் உயிரோடு வந்தார்கள்.

யாரும் சிலுவைதாசனைத் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்று சங்கம் முடிவெடுத்தது. சங்கத்திடம் இருந்ததோ யாரோ தானமாகக் கொடுத்த ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி. தயாராகக் கிடைக்கும் பெரிய மென்பொருள் ஃபிரேம்வொர்க் எதை ஏற்றினாலும் அது மூச்சு வாங்கியது. அதனால் தார்சியுஸ் தானே ஒன்று கட்டினார். யார் எந்தப் பக்கம் கேட்கிறார்கள், படிவத்தில் என்ன நிரப்பினார்கள், என்ன பதில் அனுப்ப வேண்டும், இவ்வளவுதான் அதன் வேலை. ஒரே கோப்பு. தொள்ளாயிரம் வரி. பெயர் மிதவை.

அந்தப் பழைய பெட்டியில் மிதவை பறந்தது.

சிலுவைதாசன் தினமும் வந்து பின்னால் நின்று பார்ப்பார். தினமும் ஒரே கேள்வி.

“தம்பி, இது தப்பாச் சொல்லாதுல்லா?”

தார்சியுஸ் தினமும், “சொல்லாது,” என்பார். சொல்லிவிட்டு அன்றிரவே உட்கார்ந்து மறுபடியும் சோதித்துப் பார்ப்பார். அதற்காகத்தான் ஹமீதாவைத் தேடிப் போனார்.

திங்கட்கிழமை தொடங்குவதாக அறிவித்தாகிவிட்டது.

*

வீட்டுக்கு வந்தவர் கோபத்தில் இன்னும் முப்பது சோதனை எழுதினார். நீளமான பெயர், தமிழ்ப் பெயர், பெயரே இல்லாதது, நேரத்துக்குப் பதிலாக ஆச்சரியக்குறி. எல்லாம் சரி.

போன் செய்தார்.

“இருநூற்று நாற்பத்திரண்டு, டீச்சர்.”

“நான் எண்ணிக்கை கேக்கலியே.”

“எங்க தப்புன்னு தெரிஞ்சா சொல்லிருங்க. திங்கட்கிழமை தொடங்கணும். நான் வாயத் தொறந்து கேக்கேன்.”

“தப்பு இருக்கான்னே எனக்குத் தெரியாது அண்ணே. உங்க புரோகிராமை நான் படிக்கவே இல்லை.”

“பின்னே?”

“நீங்க சோதிக்கிற விதத்தைத்தான் பாத்தேன்.”

ஹமீதா போனை வைத்துவிட்டார்.

தார்சியுஸின் மனைவி ரோஸ்லின், “என்ன சொல்லுது டீச்சர்?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் சொல்லல்ல. இதுக்கு நான் சும்மாவே இருந்திருக்கலாம்.”

*

சனிக்கிழமை காலை ஆபீஸில் பெட்டியை வைத்து ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே வரிசை. சிலுவைதாசன் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு படகு, அடுத்த படகு, அதற்கடுத்த படகு. நாற்காலியை விட்டு அசையவில்லை.

ஒவ்வொரு சீட்டு முடிந்ததும் அவர் ஒன்று செய்தார். சீட்டுப் புத்தகத்துக்குள் கையை விட்டு ஒரு தடித்த அட்டையை உருவி, அடுத்த சீட்டுக்கு அடியில் செருகினார். செருகிவிட்டு அதை இரண்டு முறை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகுதான் பேனாவை எடுத்தார்.

தார்சியுஸ் மூன்று நான்கு தடவை அதைப் பார்த்தார்.

“அது என்னத்துக்கு அண்ணே?”

“எது?”

“அந்த அட்டை.”

சிலுவைதாசன் பேனாவை மூடினார். வரிசையில் நின்றவருக்கு மேல் சீட்டைக் கிழித்துக் கொடுத்து அனுப்பினார்.

“காலையிலேயே பத்து சீட்டுக்குக் கார்பன் செருகி வச்சிருவேன் தம்பி. ஒவ்வொண்ணா செருகிட்டு இருந்தா இந்த வரிசைக்குத் தாங்காது. அட்டை இல்லைன்னா, இந்தச் சீட்டுல அழுத்தி எழுதுகது அடியில அடுத்த சீட்டோட நகல்லேயும் விழும்.”

“விழுந்தா?”

“எழுதுகிற கட்டத்துல விழுந்தா ஒண்ணும் இல்லை. அதுக்கு மேலயே எழுதிருவோம், தெரிஞ்சிரும். காலியா விடுகிற கட்டத்துல விழுந்தாத்தான்…”

அவர் அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“போன வருசம் அன்னைக்கு நான் அட்டை வைக்க மறந்திட்டேன். முன்னால வந்தவன் அஞ்சு நாப்பதுக்குத் திரும்பினான். அவனுக்கு எழுதினேன். அடுத்தவன் கடலுக்குப் போறான். அவனுக்கு அந்தக் கட்டம் காலி. ஆனா நகல்ல அஞ்சு நாப்பதுன்னு என் கையெழுத்துலயே கிடக்கு. மறுநாள் நகலப் பாத்துத்தானே பதில் சொல்லணும்?”

தார்சியுஸின் கையில் ஒயர் அப்படியே நின்றது.

“ஒரு சீட்டு மட்டும் எழுதினா இந்தத் தப்பு வராது,” என்றார் மெதுவாக.

“எப்படி வரும்? ரெண்டாவது ஆளு வந்தாத்தானே வரும்.”

தார்சியுஸ் ஒயரைக் கீழே போட்டார்.

*

அவருடைய சோதனை ஒவ்வொன்றும் புரோகிராமைப் புதிதாக எழுப்பும். ஒரே ஒரு கேள்வி கேட்கும். பதில் சரியா என்று பார்க்கும். புரோகிராமை நிறுத்திவிடும். அடுத்த சோதனைக்கு மறுபடியும் புதிதாக எழுப்பும்.

இருநூற்று நாற்பத்திரண்டு தடவையும் முதல் ஆள்தான் வந்திருந்தான். இரண்டாவது ஆள் வரவே இல்லை.

ஆனால் இந்த ஆபீஸில் காலையில் எழுப்பினால் மாலைவரை அது ஓடிக்கொண்டே இருக்கும்.

அங்கேயே, சுவரோரம் கிடந்த மீன்பெட்டி மேல் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். புதிதாக ஒரு சோதனை எழுதினார். புரோகிராமை எழுப்பு. ஒரு படகு திரும்பியதாகப் பதிவு செய், ஐந்து நாற்பது. நிறுத்தாதே. இன்னொரு படகு புறப்பட்டதாகப் பதிவு செய். திரும்பிய நேரத்தைக் காலியாக விடு. இரண்டாவது படகு எங்கே இருக்கிறது என்று கேள்.

ஓட்டினார்.

சிவப்பு.

எதிர்பார்த்தது: கடலில்.

கிடைத்தது: கரை சேர்ந்தது, 5:40.

தார்சியுஸ் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எண்ணிப் பார்த்தார். இன்று சனி. நாளை ஞாயிறு. நாளை மறுநாள் எழுபது படகு இதில் ஏறியிருக்கும்.

பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியைக் கழற்றி முண்டா பனியனில் துடைத்தார்.

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிலுவைதாசன் பயந்து எழுந்து வந்தார்.

“என்ன தம்பி? கெட்டுப் போச்சா?”

“கெட்டுத்தான் கிடந்திருக்கு அண்ணே.”

“ஐயோ.”

“இல்லை அண்ணே. இப்பத் தெரிஞ்சிட்டு. இன்னைக்கே தெரிஞ்சிட்டு!”

*

போனில் கத்தினார்.

“விழுந்திட்டு டீச்சர்! விழுந்திட்டு!”

“என்ன விழுந்தது?”

“படகு கடல்ல இருக்கு. என் மிதவை அது கரையில இருக்குன்னு சொல்லுது.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் ஹமீதா.

இவ்வளவு நாளில் அவர் குரலில் தார்சியுஸ் மகிழ்ச்சியைக் கேட்டது அதுவே முதல்முறை.

*

தப்பைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. படிவத்தில் வந்ததையெல்லாம் போட்டு வைக்க அவர் புரோகிராமின் தொடக்கத்தில் ஒரு பெட்டி வைத்திருந்தார். எல்லாருக்கும் பொதுவான ஒரே பெட்டி. காலியாக வந்த கட்டத்தை அவருடைய நிரல் தொடாமல் விட்டுவிடும். தொடாமல் விட்டால் முன்னால் வந்தவன் போட்டது அதில் அப்படியே கிடக்கும்.

பெர்லில் ‘நம்முடையது’ என்று பொருள்படும் ஒரு சின்னச் சொல் அங்கே இருந்தது. அதை அழித்தார். உள்ளே, ஒவ்வொரு ஆளும் வந்து கேள்வி கேட்கிற இடத்தில், ‘என்னுடையது’ என்று பொருள்படும் சொல்லைப் போட்டு ஒரு புதுப் பெட்டி செய்தார். ஆள் போனதும் பெட்டியும் போய்விடும்.

ஓட்டினார். கடலில்.

அவர் அதோடு நிறுத்தவில்லை. பழைய இருநூற்று நாற்பத்திரண்டையும் எடுத்து, ஒரே மூச்சில், புரோகிராமை நிறுத்தாமல் வரிசையாக ஓடும்படி மாற்றினார்.

பத்தொன்பது விழுந்தன.

ஒன்றில் முன்னால் வந்தவர் தேர்ந்தெடுத்த மொழி அடுத்தவருக்கு ஒட்டிக்கொண்டது. ஒன்றில் ஒருவர் தப்பான முகவரி கேட்டால், அடுத்து வந்த நல்லவருக்கும் ‘பக்கம் இல்லை’ என்று பதில் போனது. இன்னொன்றில் சிலுவைதாசன் கடவுச்சொல் போட்டு உள்ளே நுழைந்துவிட்டு வெளியேறினால், அடுத்து யார் வந்தாலும் அவரைச் சிலுவைதாசன் என்றே நினைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு சிவப்பாக எடுத்தார். ரோஸ்லின் சோறு போட்டு வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“இன்னும் எத்தனை தப்பு?”

“பதினொண்ணு.”

“தப்புக்கா இப்பிடிச் சந்தோசமா இருக்கீங்க?”

“நீயும் வந்து பாரு. இது ஒவ்வொண்ணும் நாளைக்கு ஜன்னல்ல வந்து நின்னிருக்கும்.”

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பெர்ல் தெரியாது. ஆனால் சிவப்பு பச்சையாக மாறுவது தெரிந்தது. ஒவ்வொன்று மாறும்போதும், “போச்சு ஒண்ணு,” என்றாள்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் போச்சு. பிறகு வரிசையைக் கலைத்துப் போட்டு ஓட்டினார். பின்னால் இருந்து முன்னால் ஓட்டினார். பச்சை.

அன்றைக்கு அவர் குறட்டை விட்டதாக ரோஸ்லின் சொன்னாள்.

*

திங்கட்கிழமை தொடங்கியது. முதல் நாள் எழுபத்து மூன்று படகு. சிலுவைதாசன் கீபோர்டில் இரண்டு விரலால் தட்டினார். வாரக் கடைசியில் நான்கு விரல்.

மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, மத்தியானத்துக்கு முன்னாலேயே காற்று திரும்பியது. படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. அன்றைக்குப் பார்த்து ஹமீதாவும் வந்திருந்தார், மிதவை ஓடுவதைப் பார்க்க. ஆபீஸ் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

திரையில் கடலில் உள்ள படகுகள்: ஒன்பது. ஆறு. இரண்டு.

ஒன்று.

பிரகாசி என்ற பெண் ஜன்னலுக்கு வந்தாள். சேலை முந்தானை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

“அண்ணே, எங்க படகு விண்ணரசி வந்திட்டா? எல்லாரும் வந்தாச்சுன்னு சொல்லுகாங்க.”

அவளுக்கு முன்னால் நாற்பது பேர் திரும்பிய நேரம் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். நாற்பது பேரும் கரை சேர்ந்தவர்கள். சிலுவைதாசன் விண்ணரசி என்று தட்டினார்.

தார்சியுஸ் திரையை நோக்கிக் குனிந்தார்.

கடலில்.

“வரல்ல, தாயி,” என்றார் சிலுவைதாசன். “நாலு பேரும் கடல்லதான் இருக்காங்க.”

“நிச்சயமாத் தெரியுமா?”

சிலுவைதாசன் திரும்பித் தார்சியுஸைப் பார்த்தார். தார்சியுஸ் தலையசைத்தார்.

“நிச்சயமா.”

பிரகாசி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை.

“அப்ப ஆள அனுப்புங்க.”

வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் பெரிய இன்ஜின் படகு இரண்டு புறப்பட்டன. சிலுவைதாசன் ஜன்னலுக்கு வெளியே வந்து பிரகாசிக்குப் பக்கத்தில் நின்றார். ஹமீதா தன் தண்ணீர்ப் பாட்டிலை அவளிடம் நீட்டினார். அவள் குடித்தாள்.

மூன்று மணிக்கு வயர்லெஸ் கரகரத்தது.

“கிடைச்சிட்டு. இன்ஜினுக்குள்ள தண்ணி ஏறிட்டு, வேற ஒண்ணும் இல்லை. நாலு பேரும் நல்லா இருக்காங்க. கட்டி இழுத்திட்டு வாறோம்.”

பிரகாசி அப்படியே மணலில் உட்கார்ந்தாள். சிலுவைதாசனும் உட்கார்ந்தார். யார் முதலில் அழுதார்கள் என்று தெரியவில்லை.

நாலரைக்கு அவள் புருஷனே நனைந்த சட்டையோடு ஜன்னலில் வந்து நின்றான்.

“சீட்டுப் போடணும் அண்ணே. விண்ணரசி. நாலு பேரு.”

“திரும்பிய நேரம்?” என்று கேட்டார் சிலுவைதாசன்.

“நாலரைன்னு போடுங்க.”

திரையில் கடலில் உள்ள படகுகள்: இல்லை.

*

வெளியே யாரோ எல்லாருக்கும் சாயா வாங்கி வந்தார்கள். ஆபீஸில் கூட்டம் குறைந்தது. சிலுவைதாசன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் முகம் லேசாக இருந்தது.

தார்சியுஸ் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும். நான் படிச்சிட்டேனா?”

ஹமீதா சாயா டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்தார். பழைய பெட்டிக்குப் பின்னால் குனிந்து, கரண்ட் பிளக்கைப் பிடுங்கினார்.

திரை இருண்டது.

சிலுவைதாசன் அலறிக்கொண்டு எழுந்தார். “ஐயோ, என்ன காரியம்மா செஞ்சீங்க! இன்னைக்கு உள்ள சீட்டு எல்லாம் அதுக்குள்ளல்லா இருக்கு!”

ஹமீதா பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு தார்சியுஸைப் பார்த்தார்.

தார்சியுஸ் பதறவில்லை. சாயாவை ஒரு வாய் குடித்தார்.

“நேத்தே பிடுங்கிப் பாத்தாச்சு, டீச்சர். ஒரு சீட்டும் போகல்ல.”